கடைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு பொருத்தும் முறை



பேரேடும் நாள்வழியும் கணினிக்குள் புகுந்துவிட்ட காலம் இது. 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக அமலுக்கு வந்த மின் விலைச்சிட்டு முறையும் நம்மில் பலரைக் கணினி முன் உட்கார வைத்துவிட்டது. கல்லாவில் இருப்பவருக்கு ஒரு திரை, சாமான் வாங்க வருபவர் விலையைப் பார்க்க ஒரு திரை, காவல் கேமராவுக்கு ஒரு திரை. பழைய கணினியில் இத்தனைக்கும் இடமேது? ஆகவே கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிச் செருகுகிறோம். செருகியதும் திரை இருண்டு போகிறது! கார்டு கெட்டதென்று முடிவு கட்டி, சபாக்கிலிருந்து சுங்கை புசார், சிகிஞ்சான், தஞ்சோங் காராங் எல்லாம் கடந்து கோலாலம்பூருக்குத் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம். நாமும் அப்படி ஓடியவரே. அங்கே வேறொரு கணினியில் செருகிய மாத்திரத்தில் அது பளிச்சென்று படம் காட்டியது. குற்றம் நம் கணினியின் தொடக்க அமைப்பில் இருந்தது.

தொடக்க அமைப்பு என்றால் என்ன? மின்சாரம் பாய்ந்ததும், விண்டோஸ் விழிக்கும் முன்னரே, மதர்போர்டில் உள்ள ஒரு சிறு நிரல் விழித்து, எந்த உறுப்பு எங்கே இருக்கிறதென்று பார்க்கிறது. முதலாளி வருமுன் கடையைத் திறந்து விளக்கும் தராசும் சரிபார்க்கும் பையனைப் போன்றது அது. 1981இல் வந்த ஐபிஎம் கணினியிலிருந்து அதற்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ என்றாலும், பேச்சு வழக்கில் பயாஸ்தான்.

முதலில் பொருத்தும் வேலை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தை ஒரு தரம் தொட்டுக் கொள்ளுங்கள். பிராசஸருக்கு அருகிலுள்ள நீண்ட துவாரத்தில், கொக்கி ‘டக்’ என்று விழும் வரை கார்டை அழுத்த வேண்டும். அத்துவாரம் கொடுக்கக் கூடியது 75 வாட் மட்டுமே. கார்டின் ஓரத்தில் தனி மின்வாய் இருந்தால், பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பியை அதில் மாட்டாமல் விடக் கூடாது. திரையின் கம்பியைப் பழைய வாயிலேயே விட்டுவிட்டு, புதுக் கார்டில் படம் வரவில்லையே என்று தவிப்போர் அநேகர்.

இனி அமைப்பு. கணினியைத் திறந்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக் கொண்டேயிருந்தால் பயாஸ் பக்கம் வரும். கார்டு வழியே ஒன்றும் தெரியாவிட்டால், கம்பியை மதர்போர்டின் வாய்க்கு மாற்றிக் கொண்டு நுழையலாம். (இன்டெல் பிராசஸரின் எண் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அந்த வாயில் படம் வராது.) உள்ளே ‘பிரைமரி டிஸ்ப்ளே’ என்றோ ‘இனிஷியல் டிஸ்ப்ளே அவுட்புட்’ என்றோ ஒரு வரி இருக்கும். அதில் ‘ஐஜிஎஃப்எக்ஸ்’ என்றிருந்தால் முதல் படம் மதர்போர்டுக்கே போகும். அதைப் ‘பிஇஜி’ அல்லது ‘பிசிஐஇ’ என மாற்றுக. மதர்போர்டின் வாயும் கார்டின் வாயும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டுமாயின், ‘ஐஜிபியூ மல்டி மானிட்டர்’ என்பதையும் இயக்க வேண்டும். நம் கடையின் மூன்றாம் திரை அதனால்தான் எரிந்தது. எஃப்10 தட்டினால் சேமித்து வெளியேறும்.

இதனாலும் படம் வராவிட்டால், ‘சிஎஸ்எம்’ என்ற வரியைக் கவனிக்க வேண்டும். இது பழங்காலப் பயாஸ் முறையை நடித்துக் காட்டும் பகுதி. சுமார் 2012க்கு முந்திய கார்டுகள் பலவற்றுக்கு இது இன்றி முதல் படம் வராது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு நின்றபின், விண்டோஸ் 11க்காகப் பலர் சிஎஸ்எம்மை நிறுத்திச் செக்யூர் பூட்டை இயக்கினர். அப்படி மாற்றிய கணினியில் பழைய கார்டு குருடாகிவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய கார்டு வாங்குவோர் இதை யோசித்து வாங்குக. பழைய முறையில் விண்டோஸ் ஏற்றிய வட்டாக இருந்தால், சிஎஸ்எம்மை நிறுத்தியதும் விண்டோஸ் திறவாது. பயப்பட வேண்டாம், மறுபடி இயக்கினால் திறக்கும்.

பயப்பட வேண்டியது வேறொன்று. விண்டோஸ் பல கணினிகளில் வட்டு முழுவதையும் பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டி வைத்திருக்கிறது. உரியவருக்கே அது தெரிவதில்லை. செக்யூர் பூட் போன்றவற்றை மாற்றியதும், ‘வேறு யாரோ கை வைத்தார்’ என்று சந்தேகித்து, 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் நம்மிடம் அப்படிக் கேட்டது. கடன் பாக்கி, சரக்கு இருப்பு, விலைச்சிட்டு அனைத்தும் உள்ளே, நாம் வெளியே. கூட்டம் நிற்கும் போது இரண்டு நாள் கையால் ரசீது எழுதினோம். கடைசியில், நம் மகன் என்றோ திறந்து வைத்திருந்த மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் இருந்தது, அல்ஹம்து லில்லாஹ். அந்த எண் கிடைக்காமலே போயிருந்தால் வட்டை அழித்துப் புதிதாய்த் தொடங்க நேர்ந்திருக்கும். ஆகவே திருப்புளியை எடுக்கும் முன்பே அந்த எண்ணைத் தேடிக் கண்டு தாளில் எழுதி, கடைப் பத்திரங்களோடு வையுங்கள். கணக்கின் நகல் ஒன்றையும் தனி வட்டில் எடுத்துக் கொள்ளுங்கள்.

எதை மாற்றினோம் என்பதே மறந்து போனால், மின்கம்பியைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு போன்ற பாட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால், பெரும்பாலான கணினிகளில் அமைப்புகள் பிறந்த நிலைக்குத் திரும்பும். தேதியும் நேரமும் பிசகியிருக்கும். முதல் ரசீது போடுமுன் அதைத் திருத்திவிடுங்கள்.