துயர் தணிக்கும் வெப்பம்

குறிஞ்சிப்பாடி வட்டாரம் நெருப்பின் பயனை நன்கு அறிந்தது. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டில் மூட்டிய அடுப்பு, இன்றும் அணையாதிருந்து வறியோர் பசியைப் போக்குகிறது. அருகிலுள்ள நெய்வேலியில் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பெறும் பழுப்பு நிலக்கரி, எரிந்து மின்னாற்றலைத் தருகிறது. பசியையும் இருளையும் ஓட்டும் வெப்பம், தீராத நோவையும் தணிக்க வல்லது.

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. அவை அளவின்றிப் பெருகிக் கட்டியாதலே புற்றுநோய். தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரிய முயற்சியால், 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இந்நோயின் பல வகைகளைக் குணப்படுத்தலாம். நோய் முற்றினாலோ, அவ்வணுக்கள் குருதியோடு சென்று முதுகெலும்பு, இடுப்பெலும்பு முதலியவற்றில் குடியேறி, எலும்பை அரிக்கும். அப்போது எழும் வலி கொடியது. நோயாளி படுத்தாலும் வலிக்கும், எழுந்தாலும் வலிக்கும், உறக்கமும் அவரை விட்டு அகலும்.

இவ்வலியைத் தணிக்க மருந்துகளும் கதிர்வீச்சு மருத்துவமும் உதவுகின்றன. அவற்றுக்கும் அடங்காத வலிக்கு வெப்ப மருத்துவம் துணை செய்கிறது. விரைந்து அலையும் மின்னோட்டம் தசைகளை உலுக்காமல் உடலிற் பாயும் என்பதைத் தார்சொன்வால் என்ற பிரெஞ்சு அறிஞர் 1891ஆம் ஆண்டில் காட்டினார். அவ்வுண்மையே இம்மருத்துவத்திற்கு அடிப்படை.

முதலில் நோயாளிக்கு மயக்க மருந்தோ, மரத்துப்போகச் செய்யும் மருந்தோ தரப்பெறும். பின்னர், உடலின் உட்புறத்தைக் காட்டும் கருவியின் துணையால் மருத்துவர் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார். ஊசி வழியே, நொடிக்கு நான்கைந்து இலட்சம் முறை அலையும் மின்னோட்டம் பாயும். அதனால் கட்டியிலுள்ள மின்னூட்டத் துகள்கள் அதிர்ந்து உராய, வெப்பம் பிறக்கும். வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்ததும், கொதிநீரில் இட்ட முட்டையின் வெண்கரு உறைவது போல, அணுக்களின் புரதம் உறைந்து அவை மடியும். வெப்பம் 100 பாகையைத் தாண்டினால் கட்டி கருகி மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆதலால் அளவறிந்து செலுத்துதல் வேண்டும். அருகில் தண்டுவடமோ நரம்போ இருப்பின், அதற்கு ஊறு நேராமல் காத்தலும் வேண்டும்.

எலும்பிற் பரவிய புற்றுநோயால் வருந்திய 43 பேருக்குச் செய்யப்பெற்ற இம்மருத்துவத்தின் பயன் 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் 41 பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

உடலெங்கும் பரவிய நோயை இவ்வெப்பம் வேரோடு களைவதில்லை. ஆயினும் நோவால் துடித்தவர் அமைதியாக உறங்கவும், உற்றாரோடு முகமலர்ந்து பேசவும் வழி செய்கிறது. நோயைத் தீர்ப்பது மருத்துவத்தின் கடமை. தீராவிடத்துத் துன்பத்தையேனும் தணிப்பதும் அதன் கடமையே.

பயிற்சி
1. புற்றுநோய் எலும்பிற் பரவுவது எவ்வாறு?
2. வெப்பத்தை அளவறிந்து செலுத்த வேண்டுவது ஏன்?
3. நோயைத் தீர்க்க இயலாதபோது மருத்துவத்தின் கடமை யாது?