முழங்கைப் பூட்டு: பெற்றோர் கவனத்துக்கு



சென்ற மாதம் அஸருக்குப் பிறகு எங்கள் தெருவில் அண்ணன் தம்பி பிள்ளைகள் இருவர், போனில் பார்த்த ஜூடோ பிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். சின்னவன் முழங்கையில் மாவுக்கட்டு. "மெதுவாத்தான் இழுத்தேன் மாமா" என்று பெரியவன் அழுதான். அவன் பொய் சொல்லவில்லை. மெதுவாக இழுத்தாலே போதும் என்பதுதான் அந்தப் பிடியின் சூட்சுமம்.

உடலின் 360 மூட்டுகளுக்கும் தினமும் தர்மம் உண்டு என்ற ஹதீஸைப் பிள்ளைகள் மதரஸாவில் ஓதுகிறார்கள். மூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முழங்கை கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், நேராக நீண்டபின் அதற்கு மேல் போகாது. கையை நீட்டவைத்து, மணிக்கட்டைப் பிடித்து, முழங்கைக்குச் சற்று மேலே முட்டுக் கொடுத்து, கீல் போகாத திசையில் அழுத்துவதுதான் பூட்டு. கையை மடக்கும் தசை, மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் எலும்பில் பிடித்திருக்கிறது. மணிக்கட்டோ பெரியவர்களுக்குச் சுமார் 25 செ.மீ. தள்ளி. அதனால் மணிக்கட்டில் 5 கிலோ அளவு இழுத்தால், அந்தத் தசை குறைந்தது 25 கிலோ அளவு இழுத்துத் தடுக்க வேண்டும். ஒல்லியானவர் பலசாலியை அடக்குவது இப்படித்தான், மந்திரம் ஏதுமில்லை. பிள்ளைகளுக்கோ எலும்பு நுனியில் வளரும் பகுதி இன்னும் குருத்தெலும்புதான். சீக்கிரம் சேதமாகும்.

நம் தென்மாவட்ட அடிமுறை ஆசான்களும் இதைப் பூட்டு என்றே சொல்வார்கள். பூட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவர்களே பிசகிய மூட்டுக்கு வைத்தியமும் பார்த்தார்கள். குற்றாலத்தில் எண்ணெய் மாலிஷ் போடுபவர் கையைச் சுழற்றிவிடும்போது கவனியுங்கள்: எந்த மூட்டு எதுவரை போகும் என்று அவர் விரலுக்குத் தெரியும்.

ஜப்பானில் இதற்கு 'கன்செட்சு வாசா', அதாவது மூட்டு நுட்பம் என்று பெயர். 1882-இல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஜூடோவை வகுத்தார். இன்றைய ஜூடோ போட்டிகளில் முழங்கைப் பூட்டு மட்டுமே அனுமதி. மணிக்கட்டு, முழங்கால் கூடாது. அகப்பட்டவர் கையாலோ காலாலோ இரண்டு முறை தட்டினால், அல்லது 'மைட்டா' என்றால், அந்த நொடியே விட்டுவிட வேண்டும். வலி வரும்வரை காத்திருக்காமல், பூட்டு விழுந்தது தெரிந்ததுமே தட்டிவிட வேண்டும். எங்கள் தெருச் சின்னவன் "விடு விடு" என்றுதான் கத்தினான். பெரியவன் அதை விளையாட்டென்று நினைத்துவிட்டான்.

கராத்தே, ஜூடோ வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், மாஸ்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பிடிக்கு முன்னால் தட்டுவதைச் சொல்லிக்கொடுக்கிறீர்களா? எந்த வயதில் பூட்டு கற்றுத்தருகிறீர்கள்? தயங்காமல் பதில் சொல்பவரிடம் சேருங்கள்.

சின்னவனுக்குக் கட்டு பிரித்தாகிவிட்டது. கை இன்னும் முழுதாக நீளவில்லை. தினமும் பயிற்சிக்குப் போகிறான். கூட்டிப்போவது பெரியவன்தான்.