ஆழம் அறிந்து இறங்குவோம்



சென்ற ஆண்டு ஜூலை மாதம் என் மகள் குடும்பத்துடன் ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு மைசூர் வந்திருந்தாள். அதற்கு முந்தைய கோடையில் அவர்கள் கிரேக்க நாட்டின் பாரோஸ் தீவுக்குச் சென்றிருந்தார்கள். அங்கே நீந்துவதற்கென்றே ஒருநாள் படகுப் பயணம் உண்டாம். காலையில் புறப்படும் படகு, அண்டிபாரோஸ், டெஸ்போடிகோ தீவுகளின் பக்கம் சென்று, சிறு குடாக்களில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள் படகின் ஏணி வழியாகக் கடலில் இறங்கி நீந்துவார்கள். பிறகு சாப்பாடு, இன்னொரு குடா, மறுபடி நீச்சல். மாலையில் கரை திரும்புவார்கள்.

புகைப்படங்களைக் காட்டிவிட்டு என் 11 வயதுப் பேத்தி கேட்டாள்: “தாத்தா, ஸ்ரீரங்கப்பட்டணமும் ஒரு தீவுதான்னு சொன்னீங்களே. அங்கேயும் படகுல போய் நீந்தலாமா?”

அவள் சொன்னது சரிதான். மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடைவெளியில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். படகுக்குப் பதில் பரிசல் இருக்கிறது. ஆனால் “சரி, போகலாம்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை. நம் சங்கக் குடும்பங்கள் பலவும் ஆடிப் பதினெட்டுக்கும் விடுமுறைக்கும் காவிரிக்குப் போகிறவர்கள் என்பதால், இதைப் பாடமாகவே எழுதுகிறேன்.

1994 ஆடிப் பதினெட்டு

நான் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவன். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு வாய்க்காலில் நீச்சல் பழகியவன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, 1989-ல் மாற்றலாகி மைசூர் வந்தேன். காவிரி இங்கேயும் இருக்கிறது என்பதே அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

1994-ல் ஆடிப் பதினெட்டு அன்று குடும்பத்துடன் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கீழ்க்கோடியில் உள்ள சங்கமத்துக்குப் போனோம். ஊரிலிருந்து வந்திருந்த என் மைத்துனனும் உடன் இருந்தான். சித்திரான்னம், காதோலை கருகமணி எல்லாம் படைத்து முடித்த பின் பரிசல் ஏறினோம். கரையோரத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். நடு ஆற்றுக்குப் போனதும், “அத்தான், இதெல்லாம் நம்ம காவிரிதானே!” என்று சொல்லிக்கொண்டே அவன் பரிசலிலிருந்து குதித்துவிட்டான்.

அவன் உந்திய வேகத்தில் பரிசல் பின்னால் நழுவியது. அவன் பக்கவாட்டில் விழுந்தான். தலை வெளியே வந்தபோது எங்களிடமிருந்து பத்து அடி தள்ளியிருந்தான். பரிசலை நோக்கி முழு பலத்துடன் நீந்தினான். ஆனால் தூரம் குறையவில்லை, கூடியது. முகத்தில் சிரிப்பு போயிற்று. கத்தக்கூட இல்லை. பரிசல்காரர் ஓட்டத்தை எதிர்க்காமல் பரிசலை அதன் போக்கிலேயே விட்டு, அவனுக்குக் கீழே கொண்டுபோய், துடுப்பை நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான்.

கரை சேர்ந்ததும் அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னார்: “ஸ்வாமி, ஈஜு பருத்தெ அன்னோரே முளுகோது.” நீச்சல் தெரியும் என்கிறவர்கள்தான் மூழ்குகிறார்கள் என்பது பொருள். தவறு என்னுடையதுதான். ஊர்க் காவிரியைத் தெரிந்துகொண்டு, எல்லாக் காவிரியும் தெரியும் என்று நானும் நம்பியிருந்தேன்.

முதல் பாடம்: கடல் தாங்கும் அளவுக்கு ஆறு தாங்காது

ஏஜியன் கடல் நீரின் ஒரு லிட்டர் எடை சுமார் 1,028 கிராம். ஆற்று நீர் 1,000 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல் நீர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தாங்குகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மிதப்பவருக்கு வாயும் மூக்கும் நீருக்கு மேலே இருப்பதும், கீழே போவதும் இந்த ஒன்றரைக் கிலோவில்தான் இருக்கிறது.

அந்தக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, நீர் தெளிவு. குடாவில் நிற்கும் படகிலிருந்து அடித்தரை தெரியும். காவிரியில், அதுவும் மழைக்காலத்தில், முழங்கை அளவு ஆழத்துக்குக் கீழே கண்ணுக்கு எதுவும் தெரியாது. கடலில் நீந்திய நம் பிள்ளைகள் ஆற்றிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாம் பாடம்: ஓட்டத்தின் கணக்கு

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீரில் நிற்கும் ஒருவரை, வினாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் சுமார் 7 கிலோ விசையுடன் தள்ளும். வினாடிக்கு 2 மீட்டரானால் அது 27 கிலோவாகும். இடுப்பளவு நீரில் அதே ஓட்டம் ஏறக்குறைய 60 கிலோ விசையுடன் தள்ளும். போதாக்குறைக்கு, நீர் உடலைப் பாதி தூக்கிவிடுவதால் கால்பிடிப்பும் போய்விடும்.

நீந்திச் சமாளிக்கலாமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் உலக சாதனை 46.40 வினாடி. அதாவது வினாடிக்கு 2 மீட்டருக்குச் சற்றே அதிகம். உலக வீரரே அந்த ஓட்டத்தில் நின்ற இடத்தில் நிற்கத்தான் முடியும். நமக்கு வினாடிக்கு 1 மீட்டர் என்பதே அதிகம்.

வேகத்தை அளப்பது எளிது. கரையில் 10 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். ஒரு குச்சியைச் சற்று உள்ளே தள்ளி எறிந்து, அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 20 வினாடிக்குக் குறைந்தால் நான் குளிக்கவும் இறங்கமாட்டேன்; சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வேன். புண்ணியம் குறைந்துவிடாது.

மூன்றாம் பாடம்: அடித்தரை சமமல்ல

ரயில்வேயில் நான் பாலங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தவன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பாலத்தின் தூண்களைச் சுற்றிக் கயிற்றில் குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்ப்போம். சுற்றிலும் இடுப்பளவு ஆழம் இருக்கும்; தூணின் அடியில் மட்டும் ஆளை மூடும் பள்ளம் இருக்கும். தூணில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழன்று மணலைத் தோண்டிவிடுவதால் வருவது இது. ஆற்றில் கிடக்கும் பெரிய பாறைக்கும் இதே விதிதான். பாறைக்குப் பக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தால் தரை இருக்காது.

ஆறு வளையும் இடத்தில் உள்வளைவில் மணல் சேரும். வெளிவளைவில் ஆழம் தோண்டப்படும். தலக்காடு பற்றிய அலமேலம்மாவின் சாபக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தலக்காடு மணலாகப் போகட்டும், மாலங்கி மடுவாகப் போகட்டும் என்பது அந்தச் சாபத்தின் பகுதி. கதை எப்படியிருந்தாலும், ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் மடு என்பது ஆற்று வளைவின் இயல்பைச் சரியாகச் சொல்கிறது. மணல் திட்டில் பிள்ளைகள் விளையாடலாம். திட்டு முடியும் விளிம்பில்தான் ஆபத்து. மணல் அள்ளிய குழிகள் இருந்தால் அந்த விளிம்பும் நம்புவதற்கில்லை.

தடுப்பணைகள் இன்னும் மோசம். வழிந்து விழும் நீர் அடியில் சென்று மேலே எழும்பி, அணையை நோக்கியே திரும்பி வரும். அதில் சிக்கியவரை வெளியே விடாமல் உருட்டிக்கொண்டிருக்கும். நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் மிதக்கவும் முடியாது. பலமுரி போன்ற இடங்களில் நீர் வழியும் அழகைக் கரையிலிருந்து பார்ப்பதே நல்லது.

நான்காம் பாடம்: பரிசல் ஏணி வைத்த படகல்ல

மூங்கில் பிளாச்சில் பின்னி, முன்காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய வட்ட ஓடம் பரிசல். கன்னடத்தில் ஹரிகோலு என்பார்கள். தட்டையான அடி என்பதால் குறைந்த ஆழத்திலும் பாறை இடுக்கிலும் போகும். ஆனால் நீருக்குள் நேராக நிறுத்திவைக்க அடிக்கட்டை இல்லாததால் எளிதில் சுழலும், நழுவும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்வரை பயமில்லை. இருவர் ஒரே பக்கம் எழுந்து சாய்ந்தால் விளிம்பு நீரில் அமிழ்ந்துவிடும்.

ஆகவே பரிசலிலிருந்து குதிக்கக் கூடாது. நீரிலிருந்து அதில் ஏற முயலவும் கூடாது. விளிம்பைப் பிடித்தபடி கரைவரை வருவதே வழி. ஏறியே தீரவேண்டுமென்றால், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்த பிறகு, பரிசல்காரர் சொன்னபடி ஏறவேண்டும். மிதவை உடுப்பு எல்லோருக்கும் இல்லாவிட்டால் பரிசல் ஏறவேண்டாம்.

ஐந்தாம் பாடம்: அணையைக் கேட்டுப் புறப்படுங்கள்

கிரேக்கத் தீவுகளில் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடகாற்று பலமாக வீசும். அன்றைய காற்றைப் பார்த்தே படகு எந்தக் குடாவுக்குப் போகும், அல்லது போகாது என்று முடிவு செய்வார்கள். நமக்கும் அதே மாதங்கள்தான் கவலை. ஆனால் நாம் பார்க்கவேண்டியது காற்றை அல்ல, அணையை.

1911-ல் பணி தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையின் முழு அளவு 124.80 அடி. மழை குடகில் பெய்யும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வெயில் அடிக்கும். அணை நிரம்பும் தறுவாயில் இருந்து, நீர்வரத்தும் கூடுகிறது என்று செய்தித்தாளில் கண்டால், எந்த நேரமும் மதகு திறக்கப்படலாம் என்று பொருள். காலையில் கணுக்கால் நனைந்த பாறை, மதியம் மூழ்கிப் போகலாம். தலக்காட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். திருமகூடலு நரசிபுரத்தில் கபினி வந்து கலப்பதால், அங்கே இரண்டு அணைகளின் நீரும் வரும். தமிழ்நாட்டு ஒகேனக்கலில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதிப்பதை நாம் அடிக்கடி படிக்கிறோம். அந்த எச்சரிக்கைக்கு வேர் இங்கேதான்.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் வருகிறது. புதுவெள்ளத்தை வரவேற்கும் நாள், வெள்ளத்துக்குரிய நாளும்தான். பூசையைப் படித்துறையிலேயே முடித்துக்கொள்வோம்.

அப்படியானால் எங்கே, எப்போது?

படகில் போகவேண்டுமென்றால் ரங்கனதிட்டு இருக்கிறது. பறவை அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-ல் சரணாலயமான இடம். வனத்துறைப் படகில் நாரைகளையும், பாறையில் வெயில் காயும் முதலைகளையும் பார்க்கலாம். முதலை இருக்கும் நீரில் நீச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பரிசலும் ஆற்றுக் குளியலும் வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, நீர் வடிந்த காலத்தில், உள்ளூர்ப் பரிசல்காரர் காட்டும் இடத்தில், பிள்ளைகளுக்கு இடுப்பளவைத் தாண்டாமல் இறங்கலாம். நீச்சலை நகரத்து நீச்சல் குளத்தில் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். ஆறு பழகுவதற்கான இடமல்ல.

ஆபத்து நேர்ந்தால்

1. ஓட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, மெல்ல மெல்லக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

2. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார். சத்தம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கண்ணால் எண்ணிக்கொண்டே இருக்க ஒரு பெரியவரை நியமியுங்கள். அவர் சீட்டாடவும் சமைக்கவும் கூடாது.

3. காப்பாற்ற நீங்கள் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் போன செய்திகள் எத்தனை! கயிறு, மூங்கில், மூடியிட்ட காலிக் குடம், எதுவும் இல்லையென்றால் புடவை, எதையாவது எறியுங்கள். ஐந்தரை மீட்டர்ப் புடவை ஓர் உயிருக்குப் போதும்.

4. கரையேற்றியவரின் வயிற்றை அழுத்தவோ தலைகீழாகத் தூக்கவோ வேண்டாம். மூச்சில்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆற்றுச் சுற்றுலாவுக்குப் புறப்படும் முன் இருபது மிதவை உடுப்புகளும் முப்பது மீட்டர் கயிறு ஒன்றும் வாங்கிவிடுவோம். முதல் மிதவை உடுப்பின் செலவு என்னுடையது.

பேத்திக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். அவளைச் சங்கமத்துக்கு அழைத்துப் போய்ப் படித்துறையில் உட்காரவைத்தேன். ஒரு குச்சியை எறிந்து எண்ணச் சொன்னேன். 10 மீட்டரை 6 வினாடியில் கடந்தது. “தாத்தா, இதுல நான் நீந்த முடியாது” என்று அவளே சொன்னாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வரும்போது மறுபடியும் எறிந்து பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

பிறந்த ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த நீச்சலும் நல்லதுதான். அதோடு இந்த ஊர்ப் பரிசல்காரரின் சொல்லையும் சேர்த்துக்கொள்வோம்.