ஒத்துணர்வில் ஆய்வேடு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்குத் திருகோணமலை வரும் மெய்யியல் மாணவர்கள் சிலர், உட்துறைமுக வீதியில் இருக்கும் என் வீட்டுக்கு ஆய்வேட்டுத் தலைப்போடு வருவதுண்டு. ஒத்துணர்வு எப்படி நிகழ்கிறது என்பதுதான் இப்போது பலருக்கும் பிடித்த கேள்வி. நல்லது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே கண்ணாடி நியூரோனில் போய் விழுகிறார்கள். "தலைப்பில மூளை எண்டு ஒரு சொல் இருந்தாத்தான் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கிடைக்குமாம், அப்பா சொல்றார் சேர்" என்றாள் ஒரு பிள்ளை.

கொள்கைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பிறர் மனத்தைக் கோட்பாடு கொண்டு ஊகிக்கிறோம் என்பது ஒன்று. சிம்பன்சிக்கு அது முடியுமா என்று 1978இல் பிரேமக்கும் வுட்ரஃபும் கேட்டதிலிருந்து வளர்ந்தது. பிறர் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம் என்பது 1986இல் கோர்டனும் ஹீலும் முன்வைத்தது. பிறர் துயரம் அவர் முகத்திலேயே நமக்குத் தெரிகிறது என்பது ஷேலர், எடித் ஸ்டைன் வழி. அளவையியலில் கைதேர்ந்தவருக்கு முதலாவது தோதுப்படும்.

கண்ணாடி நியூரோன் இவற்றோடு சேர்த்து எண்ணக்கூடிய கொள்கையே அல்ல. இத்தாலியின் பார்மாவிலிருந்து 1992இல் வெளிவந்த ஆய்வு மக்காக் குரங்கின் மூளையைப் பற்றியது. குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போது தூண்டப்பட்ட நியூரோன்களில் சில, மனிதர் எடுப்பதை அது பார்க்கும்போதும் தூண்டப்பட்டன. அவ்வளவுதான். கையசைவிலிருந்து துக்கத்துக்குப் பாலம் போட்டது பிற்பாடு. அந்தப் பாலம் தாங்காது என்று கிரெகரி ஹிக்கொக் 2014இல் ஒரு புத்தகமே எழுதினார். முதலில் அதைப் படியுங்கள். நியூரோன் தூண்டப்படுவதைக் காட்டினாலும், பிறரைப் புரிந்துகொள்வது என்றால் என்ன என்ற கேள்வி அப்படியே கிடக்கும். அதோடு, உயிரியல் படிக்காத கலைப்பிரிவு மாணவர் மூளை ஸ்கேன் படத்தை வைத்து என்ன வாதிடுவார்? யாரோ சொன்னதை ஒப்புவிப்பார், வைவாவில் மாட்டுவார்.

என் சாய்வு ஸ்டைன் பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு கிண்ணியாப் பக்கத்து முகாமொன்றில் மொழிபெயர்த்தேன். "உங்கள் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன்" என்று வெளியிலிருந்து வந்தவர் சொன்னார். மகனை இழந்த உம்மா வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த கிழவி எதுவும் கேட்காமல் தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் வைத்து, விரல்களை மடித்துப் பிடிக்கவைத்தார். ஸ்டைனும் 1915இல் போர்க்கால மருத்துவமனையில் செஞ்சிலுவைத் தாதியாக இருந்தவர். அடுத்த ஆண்டு ஹுஸ்ஸேர்லிடம் ஆய்வேட்டை முடித்தார். மற்றவர் வலி என் வலியாகிவிடுவதில்லை, அவருடைய வலியாகவே எனக்குத் தெரியவருகிறது என்பது அவர் வாதம்.

ஸ்டைனின் அந்த ஆய்வேடு சிறிய நூல், ஆனால் லேசில் பிடிகொடுக்காது. ஒரே பக்கத்தை ஒரு கிழமை வைத்திருக்கப் பொறுமை இல்லாதவர் தொடவேண்டாம். மூளையில் மெய்யான ஆர்வமுள்ளவர் உயிரியலை ஒழுங்காகப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகட்டும். பெற்றோரே, தலைப்பைப் பிள்ளையிடமும் மேற்பார்வையாளரிடமும் விட்டுவிடுங்கள்.