டன்னுக்கு எத்தனை கிராம்?

செகண்ட் பி.யு.சி. ரிசல்ட் வந்து, சி.இ.டி. ரேங்க்கும் கைக்கு வந்துவிட்டால், ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடைகளில் மட்டுமல்ல, என்னைப் போன்ற ஓய்வுபெற்ற வாத்தியார்களின் வீட்டுத் திண்ணையிலும் கூட்டம் சேர்ந்துவிடும். இந்த வருஷம் முதலில் வந்தவர் சாம்பியன் ரீஃபிலிருந்து ஒரு அம்மா. கூடவே மகள். கையில் மூன்று கல்லூரிகளின் வழவழ விளம்பரத் தாள்கள். ஒன்றில் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் இத்தனையாவது இடம் என்றும், இன்னொன்றில் ‘நாக் ஏ பிளஸ்’ என்றும், மூன்றாவதில் ஏதோ ஒரு பத்திரிகை கொடுத்த ரேங்க்கும் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தன. “இதுல எதை சார் நம்பறது?” என்று கேட்டார்.

மூன்றுமே உண்மையாக இருக்கலாம் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. நியாயம்தான். அதனால் என் அப்பா வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்தின் அஸ்ஸே ஆபீஸ் கதையைச் சொன்னேன்.

மைனில் ஒரு நாளைக்கு எத்தனை டன் கல் மேலே வந்தது என்பதை வைத்து அங்கே யாரும் மார்தட்டிக்கொள்ள மாட்டார்கள். மாதிரியை இடித்துப் பொடியாக்கி, உருக்கி, நிறுத்து, டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று பார்ப்பார்கள். அதுதான் தாதுவின் தரம். தொடக்க காலத்தில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கொடுத்த பூமி, 2001 பிப்ரவரி 28 அன்று மைனை மூடும்போது மூன்று நான்கு கிராமுக்கு இறங்கியிருந்தது. கல்லுக்குக் குறைவில்லை. கிராம்தான் குறைந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாகத் தரவரிசையைப் புரியவைக்க எனக்குத் தெரியாது. கல்லூரி விளம்பரங்கள் டன் கணக்கைப் போடுகின்றன: இத்தனை கம்பெனிகள் வந்தன, இத்தனை பேருக்கு வேலை, இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள். நாம் கேட்க வேண்டியது கிராம் கணக்கு. எத்தனை பேரில் இத்தனை பேர்?

முதலில் என்.ஐ.ஆர்.எஃப். மத்திய அரசு 2015 இல் அமைத்த இந்தத் தரவரிசையின் முதல் பட்டியல் 2016 இல் வந்தது. அன்று முதல் 2025 வரை பொறியியலில் சென்னை ஐ.ஐ.டி.யும் பல்கலைக்கழகப் பிரிவில் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பொறியியல் பிரிவில் நூறு மதிப்பெண்ணை இப்படிப் பிரித்திருக்கிறார்கள்: கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, பெண்கள், வெளிமாநிலத்தார், ஏழைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் இடம் கொடுப்பதற்கு 10, கல்லூரிக்கு உள்ள நல்ல பெயருக்கு 10. நம் வீட்டுப் பெண் முதல் வருஷம் உட்காரப்போகும் வகுப்பறைக்கும், ஆராய்ச்சிக்கான அந்த 30 மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரம் அதிகம். நல்ல பெயருக்கான 10, மற்றவர்களைக் கேட்டு வாங்கும் அபிப்பிராயம். அளந்து வந்த எண் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியலின் உச்சியில் இடத்துக்கு இடம் வித்தியாசம் தெரியும். நூறாவது இடத்தை நெருங்க நெருங்க, பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு நடுவே இருப்பது தசமப் புள்ளிக்குப் பிந்தைய வித்தியாசம்தான். நூறுக்கு அப்புறம் 101 முதல் 150 வரை, 151 முதல் 200 வரை என்று மொத்தமாகக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே 84 ஆம் இடத்துக் கல்லூரியை விட 79 ஆம் இடத்துக் கல்லூரி மேல் என்று நினைத்து இரண்டு லட்சம் கூடக் கட்டாதீர்கள்.

அப்படியானால் என்.ஐ.ஆர்.எஃப். வீணா? இல்லவே இல்லை. ரேங்க்கை விட்டுவிட்டு, ரேங்க் போடுவதற்காகக் கல்லூரி கொடுத்த தகவல் கோப்பை எடுங்கள். பங்கேற்கும் கல்லூரி தன் இணையதளத்திலேயே அதைப் போட்டு வைத்திருக்க வேண்டும். பட்டியலில் இடம் பிடித்த கல்லூரிகளின் கோப்புகள் என்.ஐ.ஆர்.எஃப். தளத்திலும் கிடைக்கும். சில பக்கங்கள்தான், எல்லாம் கட்டம் கட்டமான எண்கள். செல்போனிலேயே பார்த்துவிடலாம். என் அனுபவத்தில், நூறு பெற்றோரில் இதைத் திறந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அதில் நான்கு வருஷப் படிப்புக்கான கட்டத்துக்குப் போங்கள். முதல் வருஷம் சேர்ந்தவர்கள், டிப்ளமா முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருஷம் வந்தவர்கள், உரிய காலத்தில் தேறியவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம், மேல்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். முதல் வருஷம் சேர்ந்தவர்கள் 220, லேட்டரலில் 20, ஆக 240. உரிய காலத்தில் தேறியவர்கள் 180. வேலை கிடைத்தவர்கள் 117. மேல்படிப்புக்குப் போனவர்கள் 18. இந்தக் கல்லூரியின் விளம்பரத்தில் ‘95 சதவீத பிளேஸ்மென்ட்’ என்று இருக்கலாம். அது பொய்யும் அல்ல. கேம்பஸ் தேர்வுக்குத் தகுதியானவர்கள் என்று 123 பேரை மட்டும் பதிவு செய்துகொண்டு, அதில் 117 பேருக்கு வேலை என்றால் 95 தானே வரும்! மேல்படிப்புக்குப் போனவர்கள் போக, மீதிப் பேர் அரியர் வைத்தவர்கள், மார்க் குறைந்தவர்கள், வழியில் நின்றுபோனவர்கள். கணக்கிலேயே இல்லை. நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு: 117 உம் 18 உம் 135. அதை 240 ஆல் வகுத்தால் 56 சதவீதம். உங்கள் பிள்ளை வகுப்பில் முதல் பத்துக்குள் வருவாள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் 95 ஐப் பாருங்கள். தெரியாதென்றால் 56 ஐப் பாருங்கள்.

உரிய காலத்தில் தேறியவர்களின் விகிதத்தை நான் தனியாகவே பார்ப்பேன். மைன்காரர்களின் லைன் வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு ஒரு வருஷம் கூடப் படிப்பது என்பது ஒரு வருஷச் சம்பளம் போவது. 240 க்கு 180 என்றால் நான்கில் ஒருவர் பின்தங்குகிறார் அல்லது காணாமல் போகிறார். வெளியில் வந்து நிற்கும் கல்லூரிப் பேருந்தின் பளபளப்பு இதைச் சொல்லாது.

சம்பளத்தில் ‘ஹையஸ்ட் பேக்கேஜ்’ என்பதை அப்படியே அடித்துவிடுங்கள். அது ஒரு பிள்ளையின் சம்பளம். சராசரியும் ஏமாற்றும். நாலு லட்சம் வாங்குகிற ஒன்பது பேரோடு நாற்பது லட்சக்காரர் ஒருவரைச் சேர்த்தால் சராசரி 7.6 லட்சம் ஆகிவிடும். அந்தச் சம்பளத்தை வாங்குபவர் யாருமில்லை! என்.ஐ.ஆர்.எஃப். கேட்பது இடைநிலை: எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்குவது. இந்த உதாரணத்தில் நாலு லட்சம். வேலை கிடைத்தவர்களுக்கு மட்டுமான இடைநிலை அது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, நம் ஊருக்கு மிகவும் வேண்டிய கட்டம். கல்விக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் மாணவர்கள் எத்தனை பேர், அதை அரசு கொடுக்கிறதா, கல்லூரி தன் பணத்தில் கொடுக்கிறதா, வெளி அமைப்புகள் கொடுக்கின்றனவா, அப்படி முழுதாகக் கிடைக்காத எளிய குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கோப்பில் இருக்கும். ‘ஸ்காலர்ஷிப் எல்லாம் உண்டு’ என்று அட்மிஷன் மேஜையில் சொல்வார்கள். கல்லூரி நிதியிலிருந்து என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் அந்தப் பேச்சின் மதிப்பும் அவ்வளவுதான். இதோடு, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 5 சதவீதம் கூடுதல் இடங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. கர்நாடகத்தில் இதை எஸ்.என்.கியூ. என்பார்கள். ஆப்ஷன் என்ட்ரி போடும்போது தவறவிடாதீர்கள்.

மொத்த மாணவர்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தும் பாருங்கள். பொறியியலில் 15 பேருக்கு ஓர் ஆசிரியர் இருந்தால் என்.ஐ.ஆர்.எஃப். முழு மதிப்பெண் தருகிறது. ஐம்பதைத் தாண்டினால் பூஜ்யம். இருபதுக்குள் இருந்தால் நல்லது. ஆனால் இது காகிதத்தில் உள்ள எண்ணிக்கை. நேரில் போய், கடைசி வருஷப் பிள்ளை ஒருவரைக் கேன்டீனில் பிடித்து, “போன செமஸ்டரில் எத்தனை சப்ஜெக்டுக்கு நடுவில் லெக்சரர் மாறினார்?” என்று கேளுங்கள். இதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது.

தரச் சான்று தரும் நாக், என்.பி.ஏ. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1994 இல் தொடங்கி பெங்களூருவில் இயங்கும் நாக், கல்லூரி முழுவதற்கும் சேர்த்து ஒரே மதிப்பீடு தரும். என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவாகப் பார்க்கும். கம்ப்யூட்டர் சயின்சுக்கு இருக்கும், மெக்கானிக்கலுக்கு இருக்காது. எனவே பி.இ. சேருபவர்கள் தங்கள் பிரிவுக்கு என்.பி.ஏ. உண்டா, எந்த வருஷம் வரை என்று பாருங்கள். இரண்டில் இதுதான் கிராமுக்கு அருகில் வருகிறது. என்.ஐ.ஆர்.எஃப். கோப்பும் எல்லாப் பிரிவுகளையும் கலந்தே தருவதால் இது இன்னும் அவசியம். நாக் கிரேடை நான் அவ்வளவு பொருட்படுத்துவதில்லை. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்த பிறகு அந்தக் கொஞ்ச மரியாதையும் குறைந்துவிட்டது.

எண் என்றாலே புறவயமானது, கலப்படமற்றது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, இளநிலை மாணவர்களைத் தேர்விலேயே ஆய்வுக் கட்டுரை எழுதவைத்து, அதில் அதே கல்லூரியின் பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்டச் செய்து மேற்கோள் எண்ணிக்கையைப் பெருக்கியது என்று 2023 இல் ‘சயின்ஸ்’ இதழ் எழுதியது. தாதுவில் தங்கத்தூள் தூவி மாதிரி அனுப்புவது போலத்தான். வெளியிட்டுப் பிறகு திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தை என்.ஐ.ஆர்.எஃப். பின்னர் கொண்டுவந்தது இப்படிப்பட்ட காரணங்களால்தான்.

ஆராய்ச்சி என்றதும் நம் ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்த ஒரு விஷயம் இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பூமிக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965 இல் வளிமண்டல நியூட்ரினோ உலகில் முதன்முதலாகப் பதிவானது. தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே காலத்தில் அதைப் பிடித்தார்கள். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த சோதனை அது. கட்டுரையின் பெருமை அந்த மூன்று முகவரிகளுக்குப் போனது. கருவிகளைக் கூண்டில் இறக்கிய, காற்றும் வெளிச்சமும் கொடுத்த மைன்காரர்களுக்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் இல்லை. தரவரிசைகள் முகவரியை எண்ணுகின்றன, வேலை நடந்த இடத்தை அல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டுரைக் குவியலைக் கண்டு மயங்கும்போது, உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்தான் அதை எழுதினாரா என்று கேளுங்கள்.

வெளிநாட்டுப் பட்டியல்கள் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் போகிறவர்களுக்கானவை. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003 இல் தொடங்கிய ஷாங்காய் பட்டியல் யாருடைய அபிப்பிராயத்தையும் கேட்பதில்லை. நோபல் பரிசுகள், ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ கட்டுரைகள் என்று எண்ணுகிறது. அதனால் பழைய, பெரிய பல்கலைக்கழகங்களுக்குச் சாதகம். நெதர்லாந்தின் லைடன் பட்டியல், ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டுரைகளில் எத்தனை சதவீதம் உலகின் மேல் பத்து சதவீதத்தில் வருகிறது என்றும் காட்டும். அதுதான் நம் டன்னுக்கு எத்தனை கிராம் கணக்கு. எனக்குப் பிடித்ததும் அதுவே. கியூ.எஸ். பட்டியலில் அபிப்பிராயத்துக்கு எடை அதிகம். அதன் 2022 பதிப்பில் ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மேற்கோள் என்ற அளவில் ஐ.ஐ.எஸ்சி. நூற்றுக்கு நூறு வாங்கியது. மொத்தத்தில் கிடைத்த இடமோ 186. ஒரே நிறுவனம், ஒரே வருஷம். டைம்ஸ் பட்டியல் கணக்குப் போடும் விதம் வெளிப்படையாக இல்லை என்று சொல்லி 2020 இல் ஏழு ஐ.ஐ.டி.கள் அதிலிருந்து விலகி நின்றதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக ரயில். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு ஊரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு போய் வருவதற்கு நாலைந்து மணி நேரம் ஆகும். பட்டியலில் இருபது இடம் மேலே உள்ள கல்லூரிக்காக நாலு வருஷம் தினமும் அதைச் செய்யலாமா, ஹாஸ்டல் கட்டணம் கட்ட முடியுமா, இல்லை ஊரிகத்திலேயோ கோலாரிலேயோ படிக்கலாமா? உள்ளூர் என்பதால் குறைவாகவும் எடைபோடாதீர்கள், பெங்களூரு என்பதால் கூடுதலாகவும் போடாதீர்கள். இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மூன்று வகுத்தலைப் போடுங்கள்: வேலையும் மேல்படிப்பும் கிடைத்தவர்கள், உரிய காலத்தில் தேறியவர்கள், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள். முதல் இரண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரயில் ஏறலாம். அதற்குக் குறைவென்றால் அந்த நாலைந்து மணி நேரத்தைப் படிப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

சாம்பியன் ரீஃப் அம்மாவின் மூன்று கல்லூரிகளில் இரண்டின் கோப்பு அன்றே கிடைத்தது. மூன்றாவது கல்லூரிக்குப் போன் செய்தோம். “நேரில் வந்து அட்வான்ஸ் கட்டுங்க, எல்லா டீடெய்ல்ஸும் தர்றோம்” என்றார்கள். மகளே தன் பேனாவால் அந்தப் பெயரை அடித்துவிட்டாள். நீங்களும் கோப்பைக் காட்டாத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.