பட்டியலில் இருக்கும் வேலை, கையில் இருக்கும் வேலை அல்ல

எங்கள் மலைக் கிராமமான வில்பட்டியில் இன்று காட்டை நம்பியிருக்கும் வீடுகளில்கூட, பிள்ளையை வெளிநாடு அனுப்பலாமா என்ற பேச்சு ஓடுகிறது. தவறே இல்லை. உருளையும் கேரட்டும் மலைப்பூண்டும் விலை இறங்கும் வருடத்தில் ஒரு மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் கவலையெல்லாம், காட்டை அடமானம் வைத்துப் போகிறவர்கள் எதை நம்பிப் போகிறார்கள் என்பதுதான்.

நம்பிக்கை: ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் நம் தொழில் இருந்தால் வேலை நிச்சயம்.

வெளிநாட்டு அரசுகள் வெளியிடும் அந்தப் பட்டியல் பெரும்பாலும் விசா விதியில் தரும் சலுகை மட்டுமே. வேலையைத் தருவது ஒரு முதலாளி. அவர் கேட்பது சான்றிதழும் மொழியும். ஜெர்மனியில் நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு உண்மைதான். ஆனாலும் நம் படிப்பை அங்கே அங்கீகரிக்க வேண்டும், பெரும்பாலான மாநிலங்களில் பி2 அளவு ஜெர்மன் மொழியும் வேண்டும். பட்டியலும் நிலையாக இருப்பதில்லை. முதியோர் பராமரிப்புக்கு ஏராளமானவர்களை எடுத்த பிரிட்டன், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. அந்த வேலைக்கு இன்றும் அட்வான்ஸ் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: வெளிநாட்டில் வேலை இன்ஜினியருக்குத்தான், விவசாயிக்கு இல்லை.

இதுதான் மலைக்காரர்களை அதிகம் ஏமாற்றும் நம்பிக்கை. ஜப்பான் 2019 ஏப்ரலில் தனித்திறன் தொழிலாளர் விசாவைத் தொடங்கியது. அதில் விவசாயமும் ஒரு துறை. இந்தியாவோடு 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். பட்டம் தேவையில்லை, 18 வயது முடிந்திருக்க வேண்டும். இரண்டு தேர்வு உண்டு: ஒன்று அடிப்படை ஜப்பானிய மொழி, அதாவது என்4 அளவு, மற்றொன்று தொழில் தேர்வு. மண், விதை, பூச்சி, நோய், கருவிப் பாதுகாப்பு என்று கேட்கிறார்கள், ஜப்பானிய மொழியில் சொல்வதைக் காதில் வாங்கிப் பதில் சொல்லும் பகுதியும் உண்டு. படிக்கட்டு நிலத்தில் சின்ன வயதிலிருந்து உருளைச் செடியின் இலையைப் பார்த்தே நோயைச் சொல்லும் பிள்ளைக்குத் தொழில் பகுதி பயமே இல்லை. உழைக்க வேண்டியது மொழிக்குத்தான். ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: அந்த விசாவின் முதல் நிலையில் பொதுவாக மொத்தம் 5 ஆண்டுதான், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது.

நம்பிக்கை: லட்சக்கணக்கில் கொடுத்தால்தான் காரியம் நடக்கும்.

அரசிடம் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. ரசீது தந்தாக வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு இல்லாதவர் ஆள் எடுப்பதே குற்றம். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஏஜென்சி வரவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். 1978இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம்.

நம்பிக்கை: டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022இல் அவர்களில் சிலரை மீட்டுக்கொண்டு வந்தார்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குத் தரும் இ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவைப்படும்) பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அந்த வழியில் போனால் 10 லட்ச ரூபாய் காப்பீடும் சேர்ந்து வருகிறது. டூரிஸ்ட் விசாவில் போனவருக்கு அது கிடையாது. சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் 1800 11 3090 எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.