பெருக்கல் கூண்டு சுடோகு போடலாமா?

சுடோகு நம்மில் பலருக்கும் தெரியும். வரிசை, பத்தி, 3×3 பெட்டி எதிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே தடவைதான் வரவேண்டும். கில்லர் சுடோகு என்று இன்னொரு வகை உண்டு. அதில் சில கட்டங்களைச் சேர்த்துப் புள்ளிக்கோட்டால் கூண்டு கட்டி, உள்ளே வரும் எண்களின் கூட்டுத்தொகையை மூலையில் எழுதியிருப்பார்கள். அங்கே பெருக்குத்தொகையை எழுதினால்? 2004-இல் ஜப்பானிய ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ உருவாக்கிய கென்கென் புதிரில் பெருக்கல் கூண்டு இருக்கிறது. அதைச் சுடோகுவுக்குள் கொண்டுவந்து, கஷ்டமாகவும் போடுவது எப்படி என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பெருக்கல் என்றாலே கஷ்டம் என்பார்கள். இங்கே நேர்மாறு! இரண்டு கட்டக் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறான இரண்டு எண்களை 36 விதமாக எடுக்கலாம். கூட்டினால் 3 முதல் 17 வரை 15 விடைதான். அதில் 3, 4, 16, 17 தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்றுக்கு மேல் வழி உண்டு. பெருக்கினாலோ 31 விடை. அவற்றில் இரண்டு வழி உள்ளவை 6, 8, 12, 18, 24 என்ற ஐந்துதான். மற்ற 26-ம் பார்த்தவுடனே உளறிவிடும். 35 என்று எழுதினால் 5, 7 என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லுமே! 5-ம் 7-ம்தான் பெரிய காட்டிக்கொடுக்கிற ஆட்கள். இரண்டும் பகா எண். 9-க்குள் அவற்றுக்கு வேறு மடங்கும் கிடையாது. கூண்டின் எண் 7-ஆல் வகுபட்டால் உள்ளே 7 இருந்தே ஆகவேண்டும்.

ஆகவே அந்த ஐந்து அழுத்தக்கார எண்களை நம்பித்தான் புதிர் போடவேண்டும். மூன்று கட்டம் என்றால் எனக்குப் பிடித்தது 72. நேர்கோட்டில் (1,8,9), (2,4,9), (3,4,6) என மூன்று வழி. ‘ட’ மாதிரி வளைத்து, இரு முனைகளும் வெவ்வேறு பெட்டியில் விழும்படி வைத்தால் (6,2,6), (3,8,3) என்றும் வரலாம். கூண்டுக்குள் எண் திரும்ப வருவதை அனுமதிக்கலாம் என்பது என் கட்சி.

இப்போது ஒரு முழு வரிசை. பெட்டிக்கு ஒரு கூண்டு:

72 □□□ | 70 □□□ | 72 □□□

70 என்றால் 2×5×7, வேறு வழியில்லை. 2 போய்விட்டதால் (2,4,9) அவுட். ஒரு 72-இல் (1,8,9), மற்றதில் (3,4,6). ஆனால் எதில் எது? முதல் பெட்டியிலேயே, வேறு வரிசையில், 12 என்று ஓர் இரண்டு கட்டக் கூண்டு போடுகிறேன். அது 2, 6-ஆ, 3, 4-ஆ? தெரியாது. தெரியவும் வேண்டாம்! 2, 6 என்றால் 6 இடிக்கும். 3, 4 என்றால் 3-ம் 4-ம் இடிக்கும். எப்படியானாலும் அந்தப் பெட்டியில் (3,4,6) உட்கார முடியாது. முதல் 72 (1,8,9)தான். வாயே திறக்காத 12 பக்கத்துக் கூண்டைத் திறந்துவிட்டது பாருங்கள். இந்த மாதிரி இடம் நாலைந்து இருந்தால் புதிர் ஜோர்.

உங்களுக்கு ஒரு வேலை. 12-க்குப் பதிலாக அதே இடத்தில் 6, 8, 18, 24 ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்கள் முதல் 72-ஐ முடிவு செய்யும். மற்ற இரண்டும் செய்யாது. எவை?